செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 16 நெருங்கும்போது, 1971ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரில் இறந்த இந்த இளம் அதிகாரியைப் பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது. சிலவற்றுக்கு நீளமாகவே எழுத வேண்டியிருந்தது.

அருண் கேத்தர்பால் யார்?

இந்தியத் தரைப்படையின் 17 பூனா ஹார்ஸ் என்ற டாங்கி ரெஜிமென்ட்டில் செகண்ட் லெப்டினன்ட்டாக இருந்தவர். 1950 அக்டோபர் 14 அன்று புனேயில் பிறந்தார். 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றங்கரைப் போரில் உயிரிழந்தார். நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ரா, இறப்புக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. அதுவரை அந்த விருதைப் பெற்றவர்களில் அவரே மிக இளையவர். 1999இல் கார்கில் போருக்காக 19 வயது யோகேந்திர சிங் யாதவுக்கு அது வழங்கப்படும் வரை அந்த நிலை மாறவில்லை.

இறக்கும்போது அவருக்கு உண்மையில் என்ன வயது?

21 வயதும் இரண்டு மாதங்களும் இரண்டு நாள்களும். இதைத் துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் இறந்தவரை, அதிலும் வீரமரணம் அடைந்தவரை, ‘அவர்’ என்றுதான் எழுதுகிறோம். அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் அந்த ஒரு மரியாதை விகுதியே அவருடைய வயதைக் கூட்டிவிடுகிறது. மார்பளவுச் சிலையும் மலர்வளையமும் சேர்ந்தால் நாற்பது வயதுத் தளபதி ஒருவரைக் கற்பனை செய்துகொள்கிறோம். 1971 ஜூன் 13 அன்றுதான் அவர் அதிகாரியாகப் பொறுப்பேற்றார். தோளில் நட்சத்திரம் ஏறி ஆறு மாதங்களும் மூன்று நாள்களுமே ஆகியிருந்தன. நம் ஊர்க் கணக்கில், கல்லூரியின் கடைசி ஆண்டை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் பையனின் வயது.

குடும்பப் பின்னணி என்ன?

படைவீரர் குடும்பம். தந்தை எம்.எல். கேத்தர்பால் தரைப்படையின் பொறியாளர் பிரிவில் அதிகாரியாக இருந்து பிரிகேடியராக ஓய்வு பெற்றவர். தாத்தா முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றியவர். அதற்கும் முந்தைய தலைமுறையில் ஒருவர் சீக்கியப் படையில் சேர்ந்து ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்டார் என்பது குடும்பத்தில் வழங்கிவரும் செய்தி. குடும்பத்தின் பூர்விக ஊர் சர்கோதா; அது இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. பிரிவினையின்போது அவர்கள் இந்தியாவுக்கு வந்தனர். இந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1971 போருக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த ஒரு சந்திப்பில் இது மீண்டும் வரும்.

அருண், சனாவரில் உள்ள லாரன்ஸ் பள்ளியில் படித்தார். உதகைக்குப் பக்கத்தில் லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளியைத் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். இரண்டும் ஹென்றி லாரன்ஸ் பெயரில் தோன்றிய பள்ளிகள். 1967இல் கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்து, பிறகு டேராடூன் ராணுவக் கழகத்தில் பயிற்சியை நிறைவு செய்தார்.

போர் தொடங்கியபோது அவர் எங்கே இருந்தார்?

அகமதுநகரில் (இன்று அகில்யாநகர்) இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தார். போர் மூளும் என்பது தெரிந்ததும் பயிற்சி இடையிலேயே நிறுத்தப்பட்டு, அதிகாரிகள் தத்தம் ரெஜிமென்ட்டுகளுக்கு அனுப்பப்பட்டனர். போகிற வழியில் டெல்லியில் பெற்றோரைப் பார்த்தார்.

அந்த வீட்டில் நடந்ததாகக் குடும்பத்தார் சொல்லிவந்த ஒரு காட்சி உண்டு. போர்முனைக்குக் கிளம்பும் மகன், பெட்டியோடு கோல்ஃப் மட்டைகளையும் விருந்துகளில் அணியும் நீலச் சீருடையையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், லாகூரில் கோல்ஃப் ஆட வேண்டும், வெற்றிக்குப் பின் விருந்து நடந்தால் உடுத்த நல்ல உடை வேண்டாமா என்கிறான். மேடைப் பேச்சாளர்கள் இதை வீரத்தின் அடையாளமாகச் சொல்வதுண்டு. எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. போர் என்றால் என்னவென்று இன்னும் பார்த்திராத, பார்க்கப் போகிறோம் என்ற பரபரப்பில் இருக்கிற ஓர் இருபத்தொரு வயதுப் பையனின் பேச்சு இது. அந்தப் பையனைத் தெரிந்துகொண்டால்தான், அடுத்த சில நாள்களில் அவர் செய்ததன் கனம் புரியும்.

பசந்தர் போர் எதற்காக நடந்தது?

ஜம்முவுக்கும் பதான்கோட்டுக்கும் இடையே பாகிஸ்தான் நிலம் இந்தியாவுக்குள் புடைத்துக்கொண்டு வரும் பகுதிக்கு ஷகர்கர் என்று பெயர். ஜம்முவை நாட்டின் பிற பகுதிகளோடு இணைக்கும் சாலை அதற்கு மிக அருகில் செல்கிறது. எதிரி அங்கிருந்து வேகமாக முன்னேறினால் அந்த இணைப்பே அறுந்துவிடும். எனவே இந்தியப் படை முந்திக்கொண்டு ஷகர்கருக்குள் நுழைந்தது. ராவியின் கிளை ஆறான பசந்தரைக் கடந்து அக்கரையில் காலூன்றும் பொறுப்பு 54ஆவது காலாட்படை டிவிஷனின் 47ஆவது பிரிகேடுக்குத் தரப்பட்டது.

தமிழர்கள் யாராவது அந்தப் போரில் இருந்தார்களா?

இருந்தார்கள். அதே ஆற்றங்கரையில் மதராஸ் ரெஜிமென்ட்டின் 16ஆவது பட்டாலியன் போரிட்டது. தென்மாநிலத்தவர் நிறைந்த ரெஜிமென்ட் இது. இதன் மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்பது இதன் போர் முழக்கம். சராஜ் சக் என்ற இடத்தை அவர்கள் கைப்பற்றினார்கள். அந்தப் பட்டாலியனின் தளபதி லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் இந்தப் போரிலேயே உயிரிழந்தார்; அவருக்கு மகா வீர் சக்ரா வழங்கப்பட்டது. பக்கத்தில் ஜர்பாலைப் பிடித்தது 3ஆவது கிரனேடியர்ஸ். அதன் மேஜர் ஹோஷியார் சிங் உயிரோடு இருந்து பரம் வீர் சக்ரா பெற்றார். அருணின் கதையைத் தனியாளின் கதையாகச் சொல்வது எளிது. ஆனால் கரையில் காலாட்படை பிடித்து வைத்திருந்த நிலத்தைக் காப்பதற்காகத்தான் டாங்கிகள் அங்கே போயின.

டிசம்பர் 15, 16 ஆகிய நாள்களில் என்ன நடந்தது?

டிசம்பர் 15 இரவு காலாட்படை அக்கரை சேர்ந்துவிட்டது. ஆனால் டாங்கிகள் கடக்க வேண்டிய வழி முழுக்கக் கண்ணிவெடிகள். பொறியாளர் படையினர் இருட்டில் பாதை அமைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை பாதிதான் முடிந்திருந்தது. அந்த நேரத்தில், எதிரியின் டாங்கிகள் நடமாடும் சத்தம் கேட்கிறது, உடனே உதவி வேண்டும் என்று கரையிலிருந்து செய்தி வந்தது. பாதை முடியும்வரை காத்திருந்தால் விடிவதற்குள் காலாட்படை நசுங்கிவிடும். பூனா ஹார்ஸ் டாங்கிகள், வெடிகள் அகற்றப்படாத மிச்சத் தூரத்தையும் அப்படியே கடந்து அக்கரை சேர்ந்தன. என் கணிப்பில் பசந்தர் போரின் மிகத் துணிச்சலான முடிவு இதுதான். ஆனால் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

டிசம்பர் 16 காலை, பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் என்ற டாங்கிப் படை, பேட்டன் டாங்கிகளோடு ஜர்பால் பக்கம் எதிர்த்தாக்குதல் தொடுத்தது. பூனா ஹார்ஸின் ‘பி’ ஸ்குவாட்ரன் (டாங்கி ரெஜிமென்ட்டின் உட்பிரிவு) எண்ணிக்கையில் குறைவாக இருந்ததால், வயர்லெஸ்ஸில் உதவி கேட்டது. ‘ஏ’ ஸ்குவாட்ரனில் இருந்த அருண் அந்த அழைப்புக்குப் பதில் கொடுத்து, தன் செஞ்சுரியன் டாங்கியோடு விரைந்தார். வழியில் எதிரியின் காலாட்படை நிலைகளிலிருந்து சுட்டார்கள். அவற்றை அடக்கிவிட்டுத்தான் மேலே போக முடிந்தது.

பிறகு நடந்தது, மூன்று இந்திய டாங்கிகள் ஒரு ஸ்குவாட்ரனை எதிர்த்து நின்ற சண்டை. கேப்டன் மல்ஹோத்ரா, லெப்டினன்ட் அலாவத், அருண் ஆகிய மூவர். அலாவத்தின் டாங்கி அடிபட்டது. மல்ஹோத்ராவின் பீரங்கி சுட முடியாத நிலைக்குப் போனது. எஞ்சியது அருணின் டாங்கி மட்டும். அதுவும் அடிபட்டுத் தீப்பிடித்துக்கொண்டது.

‘டாங்கியை விட்டு வரமாட்டேன்’ என்று அவர் சொன்னது உண்மையா?

உண்மை. தீப்பிடித்த டாங்கியைக் கைவிட்டு வெளியே வரும்படி வயர்லெஸ்ஸில் கட்டளை வந்தது. தன் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, அதனால் டாங்கியை விட்டு வர முடியாது என்று அருண் மறுமொழி சொன்னார். அதோடு எதிரிகளைத் திட்டி ஒரு சொல்லும் இருந்தது. பள்ளி விழாக்களில் அதை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லோடு கேட்கும்போதுதான், அது சண்டையின் நடுவில் ஒரு பையன் கத்திய வாக்கியம் என்பது தெரிகிறது.

அப்படியானால் அவர் கட்டளையை மீறினாரா?

வகுப்பறைகளில் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது, நல்ல கேள்வியும்கூட. ரெஜிமென்ட்டின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹனுத் சிங், எந்த டாங்கியும் பின்வாங்கக் கூடாது, நின்ற இடத்திலிருந்தே போரிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். அந்த ஆணை ஒரு பக்கம். உயிரைக் காப்பாற்றிக்கொள் என்ற கட்டளை மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில், புகை சூழ்ந்த டாங்கிக்குள், சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவர் விலகியிருந்தால் அந்த இடத்தில் எதிரியைத் தடுக்க வேறு டாங்கி இல்லை. இதைக் கீழ்ப்படியாமை என்ற பெட்டிக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், உயிரை விடுவதுதான் வீரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதை எடுத்துக்காட்டாக்குவதும் சரியில்லை. அவர் சாவதற்காக அங்கே நிற்கவில்லை. பீரங்கி சுடுகிறது என்பதற்காக நின்றார். அவர் சொன்ன காரணமே அதுதான்.

அவர் அழித்தது பத்து டாங்கிகளா, நான்கா?

அந்தச் சண்டையில் எதிரியின் பத்து டாங்கிகள் அழிக்கப்பட்டன. அவற்றில் நான்கை அருண் அழித்தார் என்பதே விருதுக் குறிப்பில் உள்ள கணக்கு. பத்தையும் அவர் கணக்கிலேயே எழுதுவோர் உண்டு. நான்கு போதாதா? அவர் கடைசியாகச் சுட்ட டாங்கி, ஏறத்தாழ நூறு மீட்டர் தொலைவில் நின்றிருந்தது. ஒரு சின்னக் கிராமத்தின் இந்தத் தெருமுனைக்கும் அந்தத் தெருமுனைக்கும் உள்ள தூரம்தான் அது. அதன்பின் அவருடைய டாங்கி இரண்டாம் முறை அடிபட்டது. இம்முறை அவரால் வெளியே வர முடியவில்லை.

டிசம்பர் 16 வெற்றி நாளாயிற்றே?

ஆம். அதே நாள் பிற்பகலில் டாக்காவில் பாகிஸ்தானின் கிழக்குப் படை சரணடைந்தது. மறுநாள் மேற்கு முனையிலும் போர் நின்றது. நாடு இனிப்பு வழங்கிக்கொண்டிருந்த அந்த நாளின் காலையில் அவர் இறந்திருந்தார். அவரது உடல் சாம்பா அருகே தகனம் செய்யப்பட்டது. டெல்லியில் குடும்பத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது போர் நின்ற பிறகுதான். போர் முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று மூச்சுவிட்ட வீட்டுக்கு அந்தத் தந்தி வந்தது. விஜய் திவஸ் நிகழ்ச்சியை நடத்துகிறவர்கள் இதை ஒரு நிமிடமாவது சொல்லலாம்.

அவரைக் கொன்றவர் அவருடைய தந்தையைச் சந்தித்தார் என்பது கட்டுக்கதையா?

கட்டுக்கதை அல்ல. 2001இல், 81 வயதான பிரிகேடியர் கேத்தர்பால், பிறந்த ஊரான சர்கோதாவைச் சாவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையோடு பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவரை வரவேற்றுத் தம் வீட்டில் தங்க வைத்தவர், பாகிஸ்தான் படையிலிருந்து ஓய்வு பெற்ற பிரிகேடியர் க்வாஜா முகமது நாசர். வீட்டில் எல்லோரும் அளவுக்கு மீறிய அன்போடு நடந்துகொண்டார்கள். ஆனால் ஏதோ ஒன்று சொல்லப்படாமல் இருக்கிறது என்று முதியவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு, சாப்பாட்டுக்குப் பின், நாசர் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். பல ஆண்டுகளாகச் சொல்ல நினைத்தும் வாய்ப்பில்லாமல் போன செய்தி ஒன்று இருக்கிறது என்று தொடங்கினார். 1971இல் தாம் 13 லான்சர்ஸில் மேஜராக இருந்ததையும், டிசம்பர் 16 காலை பசந்தரில் அருணின் டாங்கியும் தம் டாங்கியும் நேருக்கு நேர் நின்றதையும், இருவரும் ஒருவரையொருவர் சுட்டதையும், தாம் பிழைத்துக்கொண்டதையும் சொன்னார். அன்று தம் படையின் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியது அந்த இளைஞர்தான் என்பதையும், அவர் யாருடைய மகன் என்பதைப் பின்னரே அறிந்ததையும் சொன்னார்.

மகனைக் கொன்றவரின் விருந்தினராக, அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு மூன்று நாள்கள் இருந்திருக்கிறார் அந்தத் தந்தை. என்ன சொல்வதென்று தெரியாமல் திகைத்துப்போனார். ஆனால் அவரும் படைவீரர். போர்முனையில் அந்த இடத்தில் நின்றால் யாராக இருந்தாலும் சுடத்தான் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இருவரும் பகையின்றிப் பிரிந்தார்கள்.

இந்தச் சந்திப்பை ‘மன்னிப்பு’ என்ற தலைப்பில் கதையாக்குகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்துவதாகத் தோன்றவில்லை. நாசர் தவறு செய்ததாகச் சொல்லவில்லை. தந்தையும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. மகனின் கடைசி நிமிடங்களை எதிரில் நின்று பார்த்த ஒருவர், முப்பது ஆண்டுகள் அதைச் சுமந்திருந்து, உரியவரிடம் கொண்டுவந்து சேர்த்தார். எந்தத் தந்திக்கும் விருதுக் குறிப்புக்கும் முடியாத ஒன்றை அந்த இரவு அவரால் தர முடிந்தது.

அவரைத் ‘தியாகி’ என்று எழுதலாமா?

பேச்சுவழக்கில் தடையில்லை. ஆனால் போரில் இறந்த படைவீரரைக் குறிக்க அப்படி ஓர் அதிகாரப்பூர்வச் சொல் இல்லை என்பதை அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது. ‘வீரமரணம் அடைந்தார்’, ‘போரில் உயிர்நீத்தார்’ என்பன தமிழில் போதுமான, துல்லியமான தொடர்கள். ‘பலியானார்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது சாலை விபத்துச் செய்தியின் சொல்.

அவர் நினைவாக எங்கே செல்லலாம்?

பொதுமக்கள் எளிதில் செல்லக்கூடிய இடம், டெல்லி இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடம். பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் அங்கே தனிப் பகுதியில் உள்ளன. அருணின் சிலையும் உண்டு. கடக்வாஸ்லா பாதுகாப்புக் கழகத்தின் அணிவகுப்பு மைதானமும் டேராடூன் கழகத்தின் அரங்கும் அவர் பெயரைத் தாங்கியுள்ளன. அவரைப் போலவே பயிற்சி முடிக்கும் ஒவ்வொரு தொகுதியும் கேத்தர்பால் மைதானத்தில்தான் அணிவகுத்து வெளியேறுகிறது. 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் பெயரில்லாதிருந்த 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவற்றில் ஒன்று அவருடையது.

அந்த டாங்கி இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. அதற்கு ‘ஃபமகுஸ்தா’ என்று பெயர். சைப்ரஸ் தீவில் உள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர் அது. போரில் பாகிஸ்தானியர் கையில் சிக்கிப் பின்னர் மீட்கப்பட்ட அந்த டாங்கி, அருண் பயிற்சியைப் பாதியில் விட்டுக் கிளம்பிய அதே அகமதுநகர் டாங்கிப் படை மையத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

டாங்கிக்குள் அவருடன் வேறு யார் இருந்தார்கள்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். செஞ்சுரியன் டாங்கியில் நான்கு பேர் இருப்பார்கள். அருண் தவிர, ஓட்டுநர் பிரயாக் சிங், பீரங்கி சுடுபவர் நத்து சிங், வயர்லெஸ்ஸைக் கவனித்த நந்த் சிங் ஆகிய மூவர் ஃபமகுஸ்தாவுக்குள் இருந்தனர். மூவரும் சவார் என்ற நிலையில் இருந்த சிப்பாய்கள். பிரயாக் சிங்கும் நத்து சிங்கும் உயிர் தப்பினர். நந்த் சிங் அந்த டாங்கியிலேயே இறந்தார். போர் நினைவிடத்துக்குப் போகிறவர்கள், 21 சிலைகளைப் பார்த்த பின், கருங்கல் பலகைகளில் பெயர்கள் பொறித்த வட்டச் சுவர்களுக்கும் செல்லுங்கள். நந்த் சிங்குக்கு அங்கே சிலை இல்லை. 17 பூனா ஹார்ஸின் பெயர்களுக்கு நடுவில் தேட வேண்டும்.